வடக்கே போன பாதி

ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் நூலின் இரண்டாம் தொகுதியில் 45-ஆம் படத்தை விரித்தால் எங்கள் ஊர்ப்பெயரின் முதல் பாதி கண்ணில் படுகிறது. 'பஹேல் சுள்ளி' என்று இலத்தீன் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வயல்சுள்ளி என்று இங்கே ஒருவர் வாயால் சொன்னதை டச்சுக்காரரின் காது அப்படி வாங்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் இதே செடிக்கு நீர்முள்ளி என்று பெயர். கால் வீங்கினால், நீர் கட்டினால் கஷாயம் வைப்பார்கள். அடுத்த பக்கங்களைப் புரட்டினால் நீர்ச்சுள்ளி, கார சுள்ளி, பைன சுள்ளி என்று வரிசையாக வருகின்றன. கடைசியாகச் சொன்னது காயலோரச் சேற்றில் வளரும் சுள்ளிக்கண்டல். நாம் கழுதைமுள்ளி என்போம். தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் இருக்கும் சுள்ளிக்கல்லில் குடியிருப்பவனுக்கு இந்தப் பக்கங்கள் ஒரு சந்தோஷம். அது பெயர் ஒற்றுமை தந்த சந்தோஷம்தான், அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு படங்களும் இந்த நூலைப் பற்றிய ஒரு பெரிய வழக்கில் சாட்சியாக நிற்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

'ஹோர்ட்டுஸ்' என்றால் தோட்டம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி 12 தொகுதிகளாக வந்த இந்த மலபார்த் தோட்டத்தில் மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. 740-க்கு மேற்பட்ட செடிகொடி மரங்கள் செம்புத்தகட்டுச் சித்திரமாகவும் இலத்தீன் விவரிப்பாகவும் இருக்கின்றன. ஆளுக்கொரு கட்சியாக இதைப் பற்றி மூன்று விதமாகப் பேசுகிறார்கள். கொச்சியின் டச்சுத் தளபதி ஹென்ட்ரிக் வான் ரேடேயின் சாதனை என்பது ஒரு கட்சி. சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் நூல், பெயர் மட்டும் ரேடேயுடையது என்பது இன்னொன்று. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் தாவரவியலுக்கே அடிக்கல் மலபாரில்தான் நாட்டப்பட்டது என்பது மூன்றாவது. கேரளத்தில் மேடைதோறும் கேட்பது பின்னிரண்டும்தான். மூன்றையும் நூலின் பக்கங்களோடு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நூல் உருவான கதை. டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையை 1663-ல் பறித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மட்டாஞ்சேரி அரண்மனையில் நடந்த சண்டையில் கொச்சி ராணியைச் சிறைபிடித்தவர் இளம் அதிகாரியான இதே ரேடேதான். 1670 முதல் 1677 வரை மலபார்த் தளபதியாக இருந்தார். கிழக்கே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை இடமாக இலங்கையை வைத்துக்கொள்வதா, கொச்சியா என்று கம்பெனிக்குள்ளேயே பெரிய சச்சரவு. கம்பெனி அதிகாரி ரிக்லோஃப் வான் ஹூன்ஸ் இலங்கைப் பக்கம், ரேடே கொச்சிப் பக்கம். மலபாரின் மண் எவ்வளவு வளமானது என்று காட்ட ரேடேக்கு ஒரு காரணம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் பழையதாகி வரும் மருந்துக்கு வீணாகப் பணம் கொட்டுகிறோம், அந்த மூலிகைகள் இங்கேயே முளைக்கின்றன என்பது இன்னொரு காரணம். ஆக, இந்தத் தோட்டத்தின் முதல் விதை கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் விழுந்தது. அதை மறைத்துவிட்டு ரேடேயை வெறும் அறிவு வேட்கை கொண்டவராக எழுதும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கணக்குப் புத்தகத்தோடு அந்த மனிதர் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வேலை நடந்த விதத்தை அவரே விவரிக்கிறார். ஆட்களைக் காட்டுக்கு அனுப்பி இலை, பூ, காய் எல்லாம் பறித்து வரச் செய்தார். அவை வாடுவதற்குள் ஓவியர்கள் வரைந்தார்கள். உள்ளூர் வைத்தியர்களும் பண்டிதர்களும் கூடி உட்கார்ந்து ஒவ்வொன்றின் பெயரையும் குணத்தையும் விவாதித்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தபோதும் அவர்கள் காத்த நாகரிகத்தை அவர் வியந்து எழுதியிருக்கிறார். தான் வென்ற ஊரின் மக்களைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டுக் கம்பெனி அதிகாரி ஒருவர் இப்படி எழுதியது சாதாரணமல்ல.

அந்தச் சபையில் யார் பேசினார்கள் என்பதற்குச் சான்று முதல் தொகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1675 ஏப்ரலில் எழுதப்பட்ட சான்றுரைகள் அவை. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி பிராமணர்கள் நாகரி எழுத்தில் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இட்டி அச்சுதனின் சான்றுரை கோலெழுத்தில் இருக்கிறது. நம் வட்டெழுத்தின் வழியில் வந்த எழுத்து அது. வட்டெழுத்துக் கல்வெட்டைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவுகள் அந்நியமாகத் தெரியாது. தளபதியின் உத்தரவின்படி கோட்டைக்கு வந்து, தன் ஏட்டில் உள்ளதையும் நெடுநாள் அனுபவத்தில் கண்டதையும் மரம், செடி, பூண்டு, கொடி என்று வாயால் சொன்னதாக அச்சுதன் அதில் தெரிவிக்கிறார். கேட்டு எழுதியவர் கம்பெனியின் துபாஷி இமானுவேல் கர்னேரோ. மலையாளத்திலிருந்து போர்ச்சுக்கீசியம், அங்கிருந்து இலத்தீன். தொடக்கத் தொகுதிகளின் இலத்தீன் விவரிப்பில் பெரும்பங்கு பாதிரியார் யோஹன்னஸ் காசியேரியுஸுடையது. இளமையில் ரைன்ஸ்பர்க்கில் தத்துவஞானி ஸ்பினோசாவோடு ஒரே வீட்டில் தங்கி அவரிடம் பாடம் கேட்டவர். ஸ்பினோசாவின் மாணவரும் கடக்கரப்பள்ளி வைத்தியரும் கொச்சிக் கோட்டையில் ஒரே செடியைப் பற்றி வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

அந்தச் சான்றுரைகளின் வழியாகத்தான் மலையாள எழுத்து முதன்முதலாக அச்சுப் புத்தகத்தில் ஏறியது. அதுவும் அச்செழுத்தாக அல்ல, செம்புத் தகட்டில் செதுக்கிய படமாக. இதே கொச்சியில் சரியாக 99 ஆண்டுகளுக்கு முன், 1579-ல், தமிழ் எழுத்தை வார்த்துக் கோத்து 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தொழில் இங்கே வேரூன்றியிருந்தால் அச்சுதனின் வாக்கு அச்சுதனின் மொழியிலேயே அச்சாகியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி வடக்குத் தோட்டங்கள். ஆம்ஸ்டர்டாம் நகரம் தன் மருத்துவத் தோட்டத்தை 1682-ல் இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றியது. அதை நடத்தியவர்களில் ஒருவர் மருந்துச்சரக்கு வணிகர் யான் கொம்மெலின். மலபார் நூலின் பிந்தைய தொகுதிகளுக்குக் குறிப்புரை எழுதியவரும் அவரே. லைடனின் தோட்டம் 1590-ஐச் சேர்ந்தது. முதல் தொகுதிக்கு உரைக்குறிப்பு எழுதிய ஆர்னல்ட் சியென் அங்கே பேராசிரியர். இன்னும் வடக்கே, ஸ்வீடனின் உப்சாலாவில் 1655-ல் தொடங்கிய தோட்டம். 1702 தீ விபத்துக்குப் பின் சீரழிந்து கிடந்ததை 1740-களில் லின்னேயஸ் மீட்டெடுத்தார். கொச்சி 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது, உப்சாலா 60-ல். லின்னேயஸின் 1745-ஆம் ஆண்டு வரைபடத்தைப் பின்பற்றி அந்தத் தோட்டத்தை இன்றும் பராமரிக்கிறார்கள். அவர் வளர்த்த சுமார் 1,300 வகைச் செடிகள் அங்கே உண்டு.

இந்தத் தோட்டங்களின் பெருமை உண்மையான பெருமை. 1706-ல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போன ஒரு காப்பிச் செடியின் சந்ததிதான் பிற்பாடு அமெரிக்கக் கண்டத்தின் காப்பித் தோட்டங்களுக்குப் பரவியது. ஆனால் மலபாரை அந்தக் குளிரில் உயிரோடு வைத்திருக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. லின்னேயஸ் இளைஞராக நெதர்லாந்தில் இருந்தபோது, ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்ற செல்வந்தரின் தோட்டத்தில், கண்ணாடி வீட்டுக்குள் ஒரு வாழையைப் பூக்க வைத்தார். பல வாரம் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு, பிறகு மழைக்காலம் கொட்டுவதுபோல் ஒரேயடியாக ஊற்றிப் பூக்க வைத்தார். 1736-ல் நடந்த இந்த அதிசயத்துக்கு அவர் 'முசா கிளிஃபோர்ட்டியானா' என்று தனிப்புத்தகமே எழுதினார். மலபார் நூலின் முதல் தொகுதியில் 'பாலா' என்று இருப்பது அதே வாழை. இங்கே கிணற்றடிக் கழிவுநீரில் கேட்பாரற்றுக் குலை தள்ளுவது அங்கே ஒரு நூலின் தலைப்பு.

அதனால்தான் வடக்கின் தாவரவியலருக்கு மலபாரின் உண்மையான தோட்டமாக அமைந்தது அந்தப் புத்தகம். கண்ணாடி வீட்டுச் செடி ஒரு பனிக்காலத்தில் போய்விடும். செம்புத் தகட்டில் ஏறியது போகாது. லின்னேயஸ் தான் நம்பிய நூலாசிரியர்கள் மூவரைக் குறிப்பிட்டு, அவர்களிலும் ரேடேயே மிகத் துல்லியமானவர் என்று எழுதினார். இலங்கையில் செடி சேகரித்த பால் ஹெர்மன் உலர்த்திய மாதிரிகளை விட்டுச்சென்றார். அவை இன்றும் லண்டனில் இருக்கின்றன. ரேடேயின் நூலுக்கு அப்படி உலர் மாதிரி எதுவும் கிடையாது. ஆகவே லின்னேயஸ் பெயர் வைத்த மலபார்ச் செடிகள் பலவற்றுக்கு, இந்தப் பெயர் இந்தச் செடிக்குத்தான் என்று தீர்க்கும் இறுதிச் சான்றாக இந்நூலின் படமே நிற்கிறது. ஒரு சேகரிப்பு என்ற அளவில், இந்தப் 12 தொகுதிகளும் அக்காலத்தின் எந்த வடக்குத் தோட்டத்தின் மலபார்ப் பாத்தியையும்விட உயர்ந்தவை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் அடுத்ததில் வருகிறது. ரிச்சர்ட் குரோவ் என்ற சூழல் வரலாற்றாசிரியர், 1995-ல் வந்த 'கிரீன் இம்பீரியலிசம்' நூலில், ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் தன் உள்ளமைப்பிலேயே ஈழவ வைத்தியர்களின் நூல் என்றும், செடிகளை இனம் சேர்த்த அவர்களின் முறை அதன் வழியாக லின்னேயஸ் வரை போனது என்றும் வாதிட்டார். மேடைகளில் கேட்கும் மூன்றாவது கட்சியின் வேர் இதுதான். குரோவின் வாதத்துக்கு நான் முன்பு சொன்ன நான்கு சுள்ளிகள் அருமையான சாட்சி. வயல், நீர், கார, பைன என்று அடைமொழி மாற்றி, சுள்ளி என்ற ஒரே பெயரின் கீழ் அடுத்தடுத்து வைத்த நான்கையும் இன்றைய தாவரவியலும் அக்காந்தேசி என்ற ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. தமிழின் நீர்முள்ளி, செம்முள்ளி, கழுதைமுள்ளி மூன்றும் அதே குடும்பம். பொதுப்பெயரும் சிறப்புப்பெயருமாக இரண்டு சொல்லில் செடியை அழைப்பது இந்த மண்ணில் பேச்சோடு பேச்சாக இருந்த வழக்கம். வயல்சுள்ளியின் இன்றைய அறிவியல் பெயரான ஹைக்ரோஃபிலா சுள்ளியில்கூட அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் குரோவ் ஜெயித்துவிடுவார். ஆனால் நான்காம் தொகுதிக்கும் போக வேண்டும். அங்கே 'ஆரிய பேப்பு', 'கறி பேப்பு' இரண்டும் 52, 53 என்று அடுத்தடுத்த படங்கள். வேம்பும் கறிவேப்பிலையும்தான். நம் காதுக்கு இரண்டும் அக்கா தங்கை. தாவரவியலில் வேம்பு மீலியேசி, கறிவேப்பிலை ரூட்டேசி. எலுமிச்சைதான் கறிவேப்பிலைக்குச் சொந்தம். இங்கே பெயர் சேர்த்தது இலையின் சாயலைப் பார்த்து, பூவின் அமைப்பைப் பார்த்து அல்ல. சுள்ளிகள் விஷயத்தில் சாயலும் வம்சமும் ஒத்துப்போயின, வேப்புகள் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. லின்னேயஸின் வகைப்பாடோ மகரந்தக் கேசரங்களையும் சூலகத்தண்டுகளையும் எண்ணும் கணக்கு. அதற்கு முன்னோடிகள் ஐரோப்பியத் தாவரவியலர்களான கமேராரியுஸும் வையாந்தும். அச்சுதனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவும் இல்லை, அவர் அதைச் சொல்லவும் இல்லை. லின்னேயஸ் மலபாரிடமிருந்து வாங்கிக்கொண்டது செடிகளையும், அவற்றின் நம்பகமான உருவத்தையும், பல பெயர்களையும். அது பெரிய கடன். ஆனால் வகைப்பாட்டின் தத்துவம் அந்தக் கடனில் சேராது. மூன்றாவது கட்சி, நான் விரும்பினாலும்கூட, இந்தப் பக்கங்களின் முன் நிற்கவில்லை.

இங்கேதான் நம்மவர்கள் செய்யும் ஒரு தவறு என்னை வருத்துகிறது. அச்சுதனை உயர்த்துவதாக நினைத்து அவரை லின்னேயஸுக்கு முன்னோடி ஆக்கிவிடுகிறோம். அப்படிச் செய்யும்போது அவருடைய சொந்த வித்தையை விட்டுவிடுகிறோம். அவர் வைத்தியர். இது இன்ன வலிக்கு, இந்த வேர், இந்தப் பட்டை, இத்தனை அளவு, இன்னதோடு அரைத்து என்பதுதான் அவர் ஏட்டின் சாரம். நூலின் பெரும்பாலான செடிகளுக்கு விவரிப்பு முடிந்தபின் அந்த மருத்துவப் பகுதி வருகிறது. லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு 'ஸ்பீஷீஸ் பிளான்டாரும்' நூலில் அதே செடிகளைத் தேடிப் பாருங்கள். பெயர், ஒரு வரி அடையாளம், ரேடேயின் தொகுதி எண், பக்க எண், வாழிடம் இந்தியா. முடிந்தது. லின்னேயஸும் மருத்துவரே, 1749-ல் மருந்துப் பொருள்கள் பற்றித் தனி நூலும் எழுதினார், ஆனால் அது ஐரோப்பிய மருந்துக்கடையின் தேவைக்கு எழுதியது. மலபார் நூலில் உருவம் என்ற பாதி வடக்கே போய்ச் சேர்ந்தது, உபயோகம் என்ற பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

இறங்கியதால் என்ன கெட்டது என்பதற்கு மட்டாஞ்சேரி மளிகைக் கடையில் ஓர் உதாரணம் இருக்கிறது. சாக்கில் கருகருவென்று, புகையின் மணத்தோடு, தோல் சுருங்கிக் கிடக்கும் குடம்புளி. ஒரு சுளையைக் கழுவி ஊறப்போட்டு மத்திக் குழம்பில் இட்டால் அன்றைவிட மறுநாள் ருசி. நூலில் இது 'கொட்டம் புளி', முதல் தொகுதியிலேயே இருக்கிறது. புளி என்று பெயரே அதன் உபயோகத்தைச் சொல்கிறது. வடக்கே போனபோது அது 'காம்போஜியா' ஆனது. இன்றைய பெயர் கார்சினியா கம்மி குட்டா. கம்மி குட்டா என்பது ஓவியர்கள் பயன்படுத்திய மஞ்சள் பிசின். காம்போஜியா என்பது கம்போடியாவைக் குறித்த பெயர். குடம்புளி மரத்தைக் கீறினாலும் மஞ்சள் பால் வரும்தான். ஆனால் ஓவியர்கள் வாங்கிய அந்தப் பிசின் கம்போடியா, சயாம் பக்கத்து வேறொரு மரத்தினுடையது. ஆக, ஒரு தேசத்தின் அடுக்களைப் புளி இன்னொரு தேசத்தின் சாயப்பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கொச்சியில் எந்தச் சமையல்காரியைக் கேட்டிருந்தாலும் இந்தக் குழப்பம் வந்திருக்காது. செடியின் உபயோகத்தை அதன் அடையாளத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளாத அறிவு இப்படித்தான் வழுக்கும்.

முதலிரண்டு கட்சிகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். ரேடே இல்லாமல் இந்த நூல் இல்லை. பணம், ஓவியர், காகிதம், அச்சு, எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்த விடாப்பிடி அவருடையது. தனக்குச் சொல்லித் தந்தவர்களின் பெயரையும் கையெழுத்தையும் நூலின் வாசலிலேயே வைத்த நேர்மையும் அவருடையது. அந்த நேர்மை அவர் காலத்து நூல்களில் அபூர்வம். ஆனால் நூலின் மருத்துவப் பகுதிக்கு ஆசிரியர் என்ற சொல் இட்டி அச்சுதனுக்கும், அவரை அடுத்து அந்தக் கொங்கணிப் பண்டிதர்களுக்கும்தான் உரியது. தலைப்புப் பக்கத்தில் ரேடேயின் பெயர் இருப்பது தவறல்ல, அச்சுதனின் பெயர் இல்லாததுதான் தவறு. உத்தரவின்பேரில் வந்தேன் என்று அச்சுதனே சொல்லியிருப்பதையும் மறக்கக் கூடாது. ராணியைச் சிறைபிடித்த கையின் உத்தரவு அது. வரமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அவர் இருந்தாரா என்ற கேள்வியை நூலின் அழகு மூடிவிட அனுமதிக்கக் கூடாது. 1691-ல் கடலில் இறந்த ரேடேக்குச் சூரத்தில் பெரிய கல்லறை மண்டபம் இருக்கிறது. கடக்கரப்பள்ளியில் அச்சுதனின் வம்சத்துக் குரியாலை என்ற சிறு மாடம் இருக்கிறது. அவர் கொண்டுவந்த ஏடு இல்லை. பூவையும் காயையும் பறிக்க மரமேறியவர்களுக்குச் சான்றுரையும் இல்லை, கல்லும் இல்லை.

நூல் பிறந்த ஊருக்குத் திரும்பி வர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியலர் கே.எஸ். மணிலால் 35 ஆண்டுகளுக்கு மேல் இதற்காக உழைத்தார். ஒவ்வொரு செடியையும் களத்தில் மறுபடி தேடி இன்றைய பெயரோடு பொருத்தி, இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் 2003-லும் மலையாளத்தில் 2008-லும் கேரளப் பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டார். 2025 தொடக்கத்தில் அவர் காலமானார். அவருடைய உழைப்பை வெறும் மொழிபெயர்ப்பு என்று சொல்வது குறைத்துச் சொல்வது. வழியில் இறங்கிப்போன பாதியை அவர்தான் மறுபடி ஏற்றினார்.

மலையாளப் பதிப்பின் ஒரு தொகுதியை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வயதான வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். படத்தை ஒரு நிமிடம் பார்த்துத் தலையசைத்தார். தண்டு எப்படி, இலை எத்தனை அங்குலம் என்ற விவரிப்பைத் தாண்டி நேராகக் கடைசிப் பத்திக்குப் போனார். வரியின் கீழே விரலை நகர்த்தி மெதுவாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "இதிலே ஒரு சரக்கு விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, பென்சில் இருக்கிறதா என்று கேட்டார்.